குச்சிக்கிழங்கும் கன்னிசரோவும்

ஜூன், ஜூலையில் சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு தொடங்கும்போது, பிள்ளைகளுக்கு முன்பே 'ஆர்கானிக்' (கரிம வேதியியல்) என்ற பயம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூத்த மாணவர்கள் சொல்லும் அறிவுரைகள், பிளஸ் டூ முடித்த அண்ணன்களின் எச்சரிக்கைகள், வீட்டில் கேட்கிற பேச்சு எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பயத்தை வளர்க்கின்றன. அவற்றில் சிலவற்றை எடுத்துப் பார்க்கலாம்.

"ஆர்கானிக் முழுக்க மனப்பாடம், நல்லா உருப்போட்டா போதும்"

இந்த எண்ணம் நம் வட்டாரத்தில் வேரோடியதற்குக் காரணம் இருக்கிறது. 2000-களிலும் அடுத்த பத்தாண்டின் பாதிவரையும் பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் பெயர் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. வேதியியலில் 200-க்கு 200 வாங்கியவர்கள் இங்கே ஏராளம். அந்த மார்க்குக்காகப் பிள்ளைகள் பட்ட பாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதும் 2017-ல் நின்றது. 2025-26 முதல் அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மீண்டும் விலக்கிக்கொள்ளப்பட்டிருப்பதால், பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

கவலைக்குக் காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் கரிம வேதியியலின் அடிப்படை பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. ஒரு மூலக்கூறில் எலக்ட்ரான் எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது, எந்த அணு பற்றாக்குறையில் நிற்கிறது, பிணைப்பு எப்படிப் பிளக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படுகின்றன. பிளஸ் டூவில் வருபவை அந்த அடிப்படையின்மேல் நிற்கும் வினைகள். முதலாவதைத் தாண்டிவிட்டு இரண்டாவதைப் படிக்கிறவருக்கு உருப்போடுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. பாடம் மனப்பாடமாக இருப்பதால் அவர் உருப்போடவில்லை. காரணம் சொல்லும் பக்கத்தை யாரோ அவருக்குக் காட்டாமல் விட்டதால் உருப்போடுகிறார்.

ஓர் உதாரணம். அசிட்டால்டிஹைடை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தால் ஆல்டால் வினை. ஃபார்மால்டிஹைடையோ பென்சால்டிஹைடையோ அடர் சோடியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தால் கன்னிசரோ வினை. இப்படிப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவர், பட்டியலில் இல்லாத ட்ரைமெத்தில் அசிட்டால்டிஹைடைக் கேட்டால் திகைத்து நிற்பார்.

காரணம் தெரிந்தவருக்குப் பட்டியல் தேவையில்லை. கார்பனைல் தொகுதியில் ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் கார்பன் பற்றாக்குறையில் நிற்கிறது. எலக்ட்ரான் மிகுந்த எதுவும் அந்தக் கார்பனைத்தான் தாக்கும். பக்கத்துக் கார்பனில், அதாவது ஆல்ஃபா கார்பனில், ஹைட்ரஜன் இருந்தால் காரம் அதைப் பறித்துவிடும். மிஞ்சும் எதிர்மின்சுமையை ஆக்சிஜனும் பகிர்ந்துகொள்வதால் அந்த அயனி நிலைத்து நின்று, இன்னொரு மூலக்கூறின் கார்பனைல் கார்பனைத் தாக்கும். அது ஆல்டால். ஆல்ஃபா ஹைட்ரஜனே இல்லையென்றால் ஹைட்ராக்சைடு நேராகக் கார்பனைல் கார்பனில் போய்ச் சேரும். பிறகு அங்கிருந்து ஒரு ஹைட்ரைடு அடுத்த ஆல்டிஹைடுக்குத் தாவும். ஒன்று அமில உப்பாகவும் மற்றது ஆல்கஹாலாகவும் மாறும். அது கன்னிசரோ. ட்ரைமெத்தில் அசிட்டால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கிறதா? இல்லை. விடை வந்துவிட்டது.

மனப்பாடமே கூடாது என்று இதற்கு எதிர்த் திசையில் ஓடுவதும் தவறு. வினைத்தொகுதிகளின் பெயர்கள், பெயரிடும் விதிகள், எது வலிமையான அமிலம் எது வலிமை குறைந்தது என்ற வரிசை எல்லாம் நினைவில் இருந்தே ஆக வேண்டும். அவற்றைத் தினம் கொஞ்சமாகப் படிப்பது நல்லது. ஆனால் வினைகளைப் படிப்பதோடு நிற்காமல் போட்டுப் பாருங்கள். வெள்ளைத்தாளில், அம்புக்குறியோடு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு.

"கரிமப் பொருள் என்றால் இயற்கைப் பொருள், இயற்கையில் நஞ்சு இல்லை"

காய்கறிக் கடையில் 'ஆர்கானிக்' பலகையைப் பார்த்துப் பழகிய தலைமுறை, கல்லூரிக்கும் அதே அர்த்தத்தோடு வருகிறது. வேதியியலில் அது கார்பன் சேர்மங்களைக் குறிக்கும், இயற்கையில் கிடைத்தாலும் ஆய்வகத்தில் செய்தாலும் சரி. 1828-ல் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைத் தயாரித்தார். கோமியத்தில் இருக்கும் யூரியாவும் கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டையாக வாங்கும் யூரியாவும் ஒரே மூலக்கூறு. வோலரின் அந்த ஒரு சோதனையோடு, கரிமப் பொருளை உயிர்களால் மட்டுமே உண்டாக்க முடியும் என்ற 'உயிராற்றல்' கொள்கை செத்துப்போனது என்று பல புத்தகங்கள் எழுதுவதும் ஒரு கட்டுக்கதையே. 1845-ல் வேதியியலாளர் கோல்பே அசிட்டிக் அமிலத்தைத் தொகுத்த பிறகும் அந்தக் கொள்கை மெதுவாகத்தான் மறைந்தது.

இயற்கை என்றாலே தீங்கற்றது என்ற எண்ணத்துக்கு மறுப்பைத் தேட ஜெர்மனிவரை போக வேண்டியதில்லை. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர்வரை காட்டில் நிற்கும் குச்சிக்கிழங்கே போதும். மரவள்ளி என்று புத்தகம் சொல்லும் அதே கிழங்குதான். அதில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அது, குளுக்கோஸோடு பிணைந்து கிடக்கும் அசிட்டோன் சயனோஹைட்ரின். கிழங்கோ தழையோ நசுங்கும்போது, செல்லுக்குள் தனியாக ஒதுங்கியிருந்த நொதி லினமரினோடு கலந்து குளுக்கோஸைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சும் சயனோஹைட்ரின் அசிட்டோனாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் பிரிகிறது. தழை மேய்ந்த ஆடு வாயில் நுரைதள்ளி விழுவது இதனால்தான். கால்நடை மருத்துவர்கள் அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான சோடியம் தயோசல்பேட், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று அழைத்த அதே உப்பு. நஞ்சான சயனைடை அது தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்ற உதவுகிறது.

இப்போது பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்து கார்பனைல் சேர்மங்கள் பாடத்தைப் பாருங்கள். 'அசிட்டோன் ஹைட்ரஜன் சயனைடுடன் சேர்ந்து அசிட்டோன் சயனோஹைட்ரினைத் தருகிறது' என்று இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதி எழுதிப் பழகிய அந்த வினைதான், பள்ளிச் சுற்றுச்சுவருக்கு அப்பால் கிழங்குக் காட்டில் பின்னோக்கி நடக்கிறது. அது மீள்வினை, இரு பக்கமும் போகும். புத்தகத்தில் இருந்த வினையும் தோட்டத்தில் இருந்த வினையும் ஒன்றுதான் என்று எந்த வகுப்பிலும் சொல்லப்படாமலே இவ்வளவு பிள்ளைகள் படித்து வெளியேறியிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அப்படியானால் இந்தக் கிழங்கிலிருந்து செய்யும் ஜவ்வரிசி? பயப்பட வேண்டாம். சேகோ ஃபேக்டரியில் கிழங்கைத் தோலுரித்து அரைக்கும்போதே நொதி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. லினமரின் நீரில் கரையும், மாவு கரையாது. மாவைத் தண்ணீர்விட்டு அலசித் தொட்டியில் படியவிடும்போது பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், வறுக்கும் சூட்டிலும் களத்து வெயிலிலும் மீதி ஆவியாகிவிடும். வீட்டில் குச்சிக்கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கத்துக்கும் இதே விளக்கம்தான். ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடக்கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவிலிருந்து சேகோ வரத்து நின்றபோது சேலத்தில் எழுந்தது இந்த ஜவ்வரிசித் தொழில். உற்பத்தியாளர்களின் கூட்டுறவான சேகோசர்வ் 1981-ல் அமைந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தத் தொழில் நம்மைச் சுற்றி நடக்கும்போது சயனோஹைட்ரினுக்கு வேறு உதாரணம் தேடுவது தேவையற்ற அலைச்சல்.

"தமிழ் மீடியத்தில் வந்தவருக்கு இது ஏறாது"

முதல் சில வாரம் சிரமம் இருக்கும். பெயர்கள் புதிது, ஆசிரியரின் வேகம் புதிது. ஆனால் இந்தப் பாடத்தின் முக்கால்வாசி படம்தான். ஓர் அறுகோணமும் அதிலிருந்து கிளம்பும் வளைந்த அம்பும் எந்த மீடியத்திலும் ஒன்றையே சொல்கின்றன. அந்த அம்பை வேதியியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ராபின்சன். 1922-ல் சக ஆய்வாளர் கெர்மாக்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். 1947-ல் நோபல் பரிசு பெற்ற அந்த ராபின்சனிடம் மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்தவர் டி. ஆர். சேஷாத்ரி. அவர் 1900-ல் பிறந்தது குளித்தலையில். நாமக்கல் மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தொட்டு ஓடும் காவிரி, சற்றுக் கீழே போய்ச் சேரும் ஊர் அது. பருத்திப் பூவுக்கும் செம்பருத்தி இனப் பூக்களுக்கும் நிறம் தரும் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பை ஆராய்ந்து, 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். பருத்திப் பூவைப் பார்த்து வளர்ந்த திருச்செங்கோட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் அந்நியமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"பிராக்டிகல் என்பது ரெக்கார்டு நோட்டு"

செய்முறை வகுப்பில் கொடுக்கும் கரிமப் பொருளில் நைட்ரஜன் இருக்கிறதா என்று பார்க்க லாசைன் சோதனை செய்வார்கள். சோடியத்துண்டோடு பொருளைச் சிறு குழாயில் பழுக்கச் சூடேற்றி, தண்ணீரில் போட்டு உடைத்து, வடிகட்டிய நீரில் ஃபெரஸ் சல்பேட் சேர்த்துக் கொதிக்கவைத்து, பிறகு அமிலம் விடுவார்கள். பிரஷ்யன் நீலம் தெரிந்தால் நைட்ரஜன் உண்டு. ஏன் நீலம்? பொருளில் இருந்த கார்பனும் நைட்ரஜனும் சோடியத்தோடு சேர்ந்து சோடியம் சயனைடாகிவிடுகின்றன. அது இரும்போடு சேரும்போது அந்த நிறம். கிழங்குக் காட்டில் பார்த்த அதே சயனைடு அயனிதான் இங்கேயும். எத்தனை ரெக்கார்டு நோட்டில் இந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது?

நீலம் வராத நாளும் உண்டு. சோடியத்தில் ஈரம் பட்டிருக்கலாம், பொருள் உருகுமுன்பே ஆவியாகித் தப்பியிருக்கலாம், சூடு போதாமல் இருக்கலாம். பக்கத்து மேசையைப் பார்த்து 'நீலம் தோன்றியது' என்று எழுதிவிட்டால் அன்று கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. வரவில்லை என்றே எழுதிவிட்டு, புதுக் குழாய் கேட்டு வாங்கி, ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது இன்னொரு முறை செய்யுங்கள்.