திரைவாசிப்பானும் இயங்குதள மாற்றமும்

கணினித் திரையிலுள்ளதைப் பார்வையற்றோர்க்குக் குரலாக்கித் தருவது திரைவாசிப்பான். இயங்குதளப் பதிப்பு கேளாமலே மாறுமாயின் அக்குரல் தடைப்படலாம். அலுவலர் பணியும் மாணவர் படிப்பும் நின்றுவிடும். 2015-16இல் விண்டோஸ் 10 இலவசமாக வழங்கப்பட்டபோது, தாம் விரும்பாமலே கணினி மாறிவிட்டதாகப் பலர் முறையிட்டனர்.

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம், கேரளப் பள்ளிகளுக்கு உபுண்டு வழிவந்த இயங்குதளத்தை அளிக்கிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். புதிய பதிப்பு பற்றிய அறிவிப்பை நிறுத்திவைக்கவும் இயலும். ஓர்கா என்னும் திரைவாசிப்பானும் அதில் உண்டு.

பாதுகாப்புத் திருத்தம் வேறு. பதிப்பு மாற்றம் வேறு. முன்னதை உடனுக்குடன் ஏற்றல் வேண்டும். பின்னதை, திரைவாசிப்பான் செவ்வனே இயங்குவதை வேறொரு கணினியில் சோதித்தறிந்த பின்னரே ஏற்கலாம். எப்போது மாறுவது என்னும் முடிவு பயன்படுத்துவோரிடமே இருத்தல் வேண்டும்.