குடிநீரில் கண்ணுக்குத் தெரியாதவை

புக்கிட் மேராவிலுள்ள ஒரு வீவக அடுக்குமாடி வீடு. தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாட்டி தம் மகளின் வீட்டிற்கு வந்திருந்தார். உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்து, குவளையில் நீரைப் பிடித்து அப்படியே குடித்தாள். பாட்டி பதறிப்போனார்.

“கொதிக்க வைக்காமல் குடிக்கலாமா, கண்ணு?”

“இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டி” என்று சொல்லிப் பேத்தி சிரித்தாள். பாட்டியும் சிரித்தார். ஆனால், வழக்கம்போல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“ஏன் பாட்டி எப்போதும் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறீர்கள்?”

பாட்டி சற்றுத் தயங்கினார். “என் பல்லெல்லாம் கறை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வேப்பங்குச்சி, சாம்பல் என்று எதை வைத்துத் தேய்த்தும் போகவில்லை. பல் விளக்காதவள் என்று பள்ளியில் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து இந்தப் பழக்கம்” என்றார்.

பாட்டியின் பற்களில் இருந்தது அழுக்கன்று. அது அவர் குடித்து வளர்ந்த நீர் விட்டுச்சென்ற அடையாளம்.

பாறை தந்த கறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடியில் கடினமான பாறைகள் உள்ளன. அவற்றுள் சில, ஃபுளோரைடு கலந்த கனிமங்களைக் கொண்டவை. நிலத்தடி நீர் பல ஆண்டுகள் இப்பாறைகளைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, ஃபுளோரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. அந்த நீருக்கு வேறு நிறமில்லை, மணமில்லை. பார்ப்பதற்குத் தெளிந்த நீராகவே இருக்கும்.

குழந்தைகளுக்கு நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதிற்குள், ஃபுளோரைடு அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் பல்லின் மேற்பூச்சான எனாமல் சரியாக உருவாகாது. முதலில் வெண்புள்ளிகள் தோன்றும். பாதிப்பு மிகுந்தால் பழுப்பு நிறக் கறையும் சிறு குழிகளும் ஏற்படும். கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இதைப் பல் ஃபுளோரோசிஸ் என்பர். மிக அதிக ஃபுளோரைடு உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படும். குனிவதும் நிமிர்வதும்கூடக் கடினமாகிவிடும்.

நன்மையும் தீமையும் அளவில்

வியப்பு என்னவென்றால், இதே ஃபுளோரைடு சிங்கப்பூர்க் குழாய் நீரிலும் இருக்கிறது. அது தானாக வந்ததன்று, வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. மிகச் சிறிய அளவு ஃபுளோரைடு பற்சொத்தையைக் குறைக்கும் என்பதால், 1950களிலேயே சிங்கப்பூர் அதைக் குடிநீரில் சேர்க்கத் தொடங்கியது. ஒரு பொருள் ஓர் ஊரில் பல்லைக் காக்கிறது. மற்றோர் ஊரில் பல்லைக் கெடுக்கிறது. வேறுபாடு அளவில்தான் உள்ளது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழி இங்கு மிகவும் பொருந்தும்.

உலகச் சுகாதார நிறுவனம் ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வழிகாட்டுகிறது. வெப்பமான இடங்களில் மக்கள் அதிகம் நீர் குடிப்பார்கள். அதனால், அங்கே இதைவிடக் குறைந்த அளவே நல்லது. இந்தியத் தர அளவீடு 1 மில்லிகிராமையே ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் மட்டும் 1.5 வரை அனுமதிக்கிறது.

ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளச் சாலையில் ஒரு மில்லிமீட்டரைக் கற்பனை செய்து பாருங்கள். ஈயத்திற்கான அளவு இதைவிட மிகக் குறைவு. ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம் மட்டுமே. சிங்கப்பூரின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்குச் சென்று திரும்பும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் போன்றது அது! ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளுக்கும் இதே அளவுதான். மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ-கோலி கிருமியோ, 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூடக் காணப்படக்கூடாது.

இந்த அளவுகள் எப்படி முடிவாகின்றன? ஒரு வேதிப்பொருள் எவ்வளவு உடலில் சேர்ந்தால் தீங்கு தெரிகிறது என்பதை ஆய்வாளர்கள் முதலில் கண்டறிகிறார்கள். பொதுவாக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் இரண்டு லிட்டர் நீரை வாழ்நாள் முழுவதும் குடிப்பதாகக் கணக்கிடுகிறார்கள். குழந்தைகளும் நோயாளிகளும் எளிதில் பாதிக்கப்படக்கூடும் என்பதால், பல பொருள்களுக்குத் தீங்கற்ற அளவையும் பல மடங்கு குறைத்தே எல்லையை வகுக்கிறார்கள். எனவே, ஒருநாள் எல்லையைச் சற்றுத் தாண்டிய நீரைக் குடித்தவர் உடனே நோயுறுவார் என்று பொருளில்லை. ஆனால், நாள்தோறும் தாண்டினால் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கவும் முடியாது.

கொதிக்க வைத்தால் போதுமா?

பாட்டி நீரைக் கொதிக்க வைத்தது நல்ல பழக்கமே. கொதிக்கும் நீரில் கிருமிகள் மடிகின்றன. ஆனால், ஃபுளோரைடும் ஈயமும் ஆர்செனிக்கும் உயிருள்ளவை அல்ல. அவை ஆவியாகிப் போவதுமில்லை. நீர் சுண்டச் சுண்ட, மிஞ்சும் நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆகவே, நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சோதித்து அறிந்த பிறகே அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தருமபுரிக்குக் கிடைத்த வழி, நீரின் மூலத்தையே மாற்றுவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் கடனுதவியுடன் 2008இல் தொடங்கப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. காவிரி ஆற்று நீர் சுத்திகரிக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாய் வழியே அனுப்பப்படுகிறது. ஆயினும், குழாய் நீர் வராத நாள்களில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்தால், பழைய சிக்கலும் திரும்பி வரும்.

குழாய் வரை காவல்

நீரின் மூலம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் 2014இல் தன் நீர் மூலத்தை ஓர் ஆற்றுக்கு மாற்றியது. குழாய்கள் அரிக்கப்படாமல் தடுக்கும் பொருள் அந்நீரில் சேர்க்கப்படவில்லை. அதனால், பழைய குழாய்களிலிருந்த ஈயம் வீடுகளின் குடிநீரில் கலந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. நீர் சரியில்லை என்று குடியிருப்பாளர்கள் தொடர்ந்து முறையிட்டதும், மருத்துவர்களும் ஆய்வாளர்களும் அளந்து காட்டியதுமே உண்மையை வெளிக்கொணர்ந்தன.

புக்கிட் மேரா வீட்டிற்கு வரும் நீரும் நீண்ட பயணத்தை முடித்தே குழாயை அடைகிறது. பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்த்தேக்கம் முதல் குழாய்வரை நீரைச் சோதிக்கிறது. உயரமான கட்டடங்களில் நீர், கூரையிலுள்ள தொட்டிகளில் சேமிக்கப்பட்டு மேல்மாடி வீடுகளுக்கு வருகிறது. அத்தொட்டிகளை ஆண்டுதோறும் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும். நீர் பழுப்பாகவோ கலங்கலாகவோ வந்தால், சிறிது நேரம் குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம். அப்படியும் தெளியாவிட்டால், அதைக் குடிக்காமல் நகர மன்றத்திடமோ கழகத்திடமோ தெரிவிப்பது குடியிருப்பாளரின் கடமை.

இவற்றையெல்லாம் படித்து அறிந்த பேத்தி, அன்று இரவு பாட்டியிடம் பொறுமையாக விளக்கினாள். பாட்டி வெகுநேரம் பேசவில்லை.

“அப்படியென்றால், நான் பல் விளக்காததால் வந்த கறை இல்லையா?”

“இல்லை, பாட்டி. உங்கள்மீது ஒரு தவறும் இல்லை. தண்ணீரில் இருந்த குறை அது.”

அருகிலிருந்த அம்மா தம் பற்களைத் தொட்டுக் காட்டினார். அங்கும் மெல்லிய வெண்புள்ளிகள் இருந்தன.

பாட்டி திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “உன் மாமா மகனுக்கு இப்போது நான்கு வயது. போனை எடு, கண்ணு” என்றார். ஊரில் மகன் பேசியதும் நலம்கூட விசாரிக்காமல் முதலில் கேட்டார்:

“டேய், குழந்தைக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் கொடுக்கிறீர்களா, போர்த் தண்ணீரைக் கொடுக்கிறீர்களா?”