ஆட்டிசம் உள்ள பிள்ளை: வீட்டிலும் பள்ளியிலும்

நாகமலை புதுக்கோட்டையில் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அலறினால் சில குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது அடம் அல்ல; அந்தச் சத்தம் தாங்கவே முடியாத வேதனை. அப்போது அதட்டாதீர்கள், கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். வெளிச்சம் குறைந்த, அமைதியான அறைக்கு அழைத்துப்போய் உடன் இருங்கள். பேச்செல்லாம் பிள்ளை அமைதியான பிறகுதான்.

பல் துலக்குவது, குளியல், சாப்பாடு, பள்ளி வேன் என அன்றாட வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுங்கள். தேனி ரோட்டில் பஸ் ஏறி மதுரைக்குப் போவதானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். “சேட்டை பண்ணாதே” என்பதைவிட “இங்கே உட்கார்” என்பது எளிதில் புரியும். சொன்னபின் சற்றுக் காத்திருங்கள்.

வகுப்பில் சத்தம் குறைந்த இடம் கேட்டு வாங்குங்கள். கண்ணைப் பார்த்தே பேச வேண்டும் என்ற வற்புறுத்தல் வேண்டாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, ஆட்டிசத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது.

பேச்சு தாமதமானால், “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று நாளைக் கடத்தாமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.