பாடும் பிள்ளையைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தல்

"பிள்ளை நல்லாப் பாடுது பாதர், அதை வைச்சு என்ன செய்யிறது?" என்று அடம்பன் பக்கத்துப் பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 2008இல் வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பற்றை வெட்டிக் குடியேறிய குடும்பத்துக்குப் பாட்டு வீண்செலவாகத் தோன்றலாம். ஆகவே முதலில் வழியைச் சொல்லிவிடுகிறோம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுத்துப் பரீட்சை. அங்கே குரலுக்கு இடமில்லை. இசையின் வாசல் பின்னரே திறக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாக எடுக்கலாம். எழுத்தோடு செயன்முறையும் உண்டு. வட இலங்கைச் சங்கீத சபையும் நெடுங்காலமாகத் தரம் தரமாகப் பரீட்சை நடத்தி வருகிறது. உயர்தரத்தின்பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் அதனோடு இணைந்தது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. புள்ளிகளோடு, பாடிக்காட்டும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு 1981இல் தொடங்கிய மகாபொல உதவிப்பணமும் கிடைக்கக்கூடும்.

எமது பிள்ளைகள் வெறுங்கையோடு போகவில்லை. மாதோட்டத்துக் கூத்தில் மத்தளத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். தவக்காலத்தில் பசான் பாடுவோருடன் கூடப் பாடியவர்கள். தாளம் காலில் ஏறியிருக்கும். குரல் வெட்டவெளியைத் தாண்டும். கூத்துப் பாட்டு தாழ்ந்தது என்று எவரும் பிள்ளையிடம் சொன்னால் நம்பவிட வேண்டாம். ஆனால் ஒன்றை விளங்க வேண்டும். கூத்துக் களரியில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கவேண்டும் என்பதால் தொண்டையைத் திறந்து உரத்துப் பாடுவர். பரீட்சை அறையிலோ பரீட்சகர் சில அடி தூரத்தில் இருப்பார். அங்கே உரப்பு வேண்டாம்; சுருதி விலகாத குரலே வேண்டும். அதே பிள்ளை, அதே தொண்டை, அளவுதான் வேறு.

சுருதிக்கு வழி எளிது. கைத்தொலைபேசியில் சுருதிச் செயலி இருந்தால் போதும். கீபோர்ட் வாங்கக் கடன்பட வேண்டாம். அதில் கமகம் வராது. காலையில் கால்மணி நேரம் பிள்ளை கண்ணை மூடி இருந்து சட்சத்தை மட்டும் நீட்டட்டும். குரலும் பெட்டியும் ஒன்றாகிப் பிரித்தறிய முடியாதபோது சேர்ந்துவிட்டது என்று பொருள். பெற்றோருக்கு இசை தெரியாவிட்டாலும் இது காதுக்குப் புலப்படும்.

எந்தக் கட்டையில் பாடுவது? பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஐந்துக்கு அண்மையில், குரல் உடைந்த ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு அண்மையில் அமையும். ஆனால் பாட்டின் மிக உயர்ந்த வரியையும் மிகத் தாழ்ந்த வரியையும் பாடிப் பார்த்தே முடிவு செய்க. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பையனை அதட்டிப் பாடவைப்பது கன்றை ஏரில் பூட்டுவது போல. அந்த மாதங்களில் அவன் தாளமும் சுரமும் எழுத்தில் படிக்கட்டும்.

சரளிவரிசையை மாயாமாளவகௌளையில் மூன்று காலமும் பாடுவது பிள்ளைக்குச் சலிக்கும். நாற்று நடும் கை பழகுவதும் அப்படித்தானே. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் (நான்கு, இரண்டு, இரண்டு) கை தானாகப் போடும்வரை பழகட்டும். இரண்டாம் காலத்தில் கை ஓடினால் பாட்டை நிறுத்தித் தாளத்தை மட்டும் போடச் சொல்க.

பரீட்சகர் பாட்டை நடுவில் நிறுத்தி, "சரணத்திலிருந்து பாடும்" என்று கேட்கலாம். முதலிலிருந்து மட்டுமே பாடத் தெரிந்த பிள்ளை அங்கே திகைக்கும். ஆகையால் வீட்டிலேயே எந்த வரியிலிருந்தும் எடுத்துப் பழகவேண்டும். அறியாதவர் முன்னும் பாடவேண்டும். சங்கக் கூட்டம், வாசிகசாலை, அயல் வீட்டு முற்றம் எல்லாம் உதவும். குரல் நடுங்கட்டும், நாலாவது தடவை குறையும்.

கடதாசிகளையும் மறக்கவேண்டாம். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து வையுங்கள்; கடைசி வாரத்தில் ஓடவேண்டாம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்டபின் பூநகரி வழியே யாழ்ப்பாணம் போய்வருவது இலகு. ஆயினும் விடிய எழுந்து பஸ்ஸில் நின்று போன தொண்டை பத்து மணிக்குப் பாடாது. முதல்நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். அன்றிரவு புதிய பாட்டு எதையும் தொடவேண்டாம்.