குடற் சுத்தி – அன்றும் இன்றும்

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் பிள்ளைகள் அஞ்சிய நாள் ஒன்று இருந்தது. அது பேதி குடிக்கும் நாள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணக் கிராமங்களில் இது பல வீடுகளில் வழமையாக நடந்த காரியமாகும். முதல்நாள் இரவு மெல்லிய ஆகாரம் கொடுப்பர். விடிந்ததும் வெறும் வயிற்றில் பிள்ளைகளுக்கு ஆமணக்கெண்ணெய். வளர்ந்தோருக்கு நிலாவரை, கடுக்காய், சுக்குச் சேர்த்து அவித்த கசாயம். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிவிட்டு, ஓங்காளம் வராதிருக்கத் தேசிக்காய்த் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பர். இடையிடையே சுடுநீர், மத்தியானம் கஞ்சி. வயிற்றோட்டம் அளவு மீறினால் மோர். அன்று முழுவதும் வெயிலில் திரியவோ பகலில் நித்திரை கொள்ளவோ பெரியவர்கள் விடமாட்டார்கள்.

இவ்வழக்கம் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் அதே காரியம் வேறு உடை தரித்து வந்திருக்கிறது. குடலில் பல வருடங்களாகத் தேங்கிய கழிவை ஒரே வாரத்தில் வெளியேற்றும் தூள், உடம்பின் நஞ்சை நீக்கும் தேயிலை என்றெல்லாம் விளம்பரங்கள் கைத்தொலைபேசி வரை வந்து சேர்கின்றன. கண்ணைக் கவரும் பொதியும் பெரிய விலையும் இருந்தால் நம்புவதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். எனவே, முன்னோர் செய்தது என்ன, இன்றைய மருத்துவம் சொல்வது என்ன என்பதை நிதானமாக நோக்குவது பயனுடையதாகும்.

சித்த வைத்தியம் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் சமநிலையே ஆரோக்கியம் எனக் கொள்வது. அவற்றுள் மிகுந்த வாதத்தைத் தணிக்கும் வழியாகப் பேதி கருதப்பட்டது. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும் கொள்ளுமாறு கூறப்பட்டுள்ளது. ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மத்திலும் விரேசனமும் வஸ்தியும் இடம்பெறுகின்றன. ஹடயோக நூல்கள் கூறும் ஆறு சுத்திக் கிரியைகளுள் தௌதியும் வஸ்தியும் உண்டு.

இவற்றுள் மருந்தின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு விதியை விட்டுவிடுவதே இன்றைய தவறு. ஆயுர்வேதத்தில் விரேசனம் கொடுக்குமுன் சில நாட்கள் நெய் முதலியன அருந்தச் செய்து, எண்ணெய் பூசி, வியர்வை பிடித்து, உடம்பைப் பக்குவப்படுத்த வேண்டும் என விதி உண்டு. பின்னரும் கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாகவே வழமையான உணவுக்குத் திரும்ப வேண்டும். புதுச் சுரம் உள்ளவர், பலவீனர், கர்ப்பிணிகள், ஆசனவாயால் இரத்தம் போகின்றவர் முதலியோருக்குப் பேதி கொடுக்கலாகாது எனப் பழைய நூல்களே தடுத்துள்ளன. நேர்வாளம் போன்ற கடும் சரக்குகளைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொடமாட்டார். அக்காலக் கிராமத்துப் பரம்பரை வைத்தியர் நோயாளியின் நாடியை மட்டுமன்றி அவரின் வீடு, தொழில், சாப்பாடு எல்லாவற்றையும் அறிந்தவர். பொதியில் வரும் தூளுக்கு யாரையும் தெரியாது.

குடலைக் கழுவும் ஆசை எம்மவருக்கு மட்டும் உரியதன்று. எகிப்தியர் மாதந்தோறும் மூன்று நாட்கள் தொடர்ந்து பேதி எடுப்பதாக, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இதற்கு விஞ்ஞானப் போர்வையும் கிடைத்தது. பிரான்சைச் சேர்ந்த சார்ள்ஸ் பூஷார், குடலில் தேங்கும் மலத்திலிருந்து நஞ்சு இரத்தத்தில் கலந்து பல நோய்களை உண்டாக்குகிறது என்றார். 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிக்கோவும் பெருங்குடலை மனிதனுக்கு ஒரு சுமையாகவே கருதிப் புளித்த பாலைப் பரிந்துரைத்தார். அமெரிக்காவில் கெலொக் என்ற மருத்துவர் தமது ஆரோக்கிய நிலையத்தில் குடலுக்கு நீரேற்ற இயந்திரமே வைத்திருந்தார். எல்லாவற்றிலும் மேலாக, லண்டனில் ஆர்பத்நொட் லேன் என்ற பெயர் பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி அகற்றி வந்தார். கற்றவர்களும் ஒரு கொள்கையில் மயங்கினால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இக்கொள்கையை உடைத்த கேள்வி மிக எளிமையானது. மலச்சிக்கலால் வரும் தலையிடியும் சோர்வும் இரத்தத்தில் கலந்த நஞ்சினால் வந்தவையானால், மலம் கழிந்த சில நிமிடங்களில் அவை எப்படி மாறும்? 1919இல் வோல்ட்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதனை எடுத்துக்காட்டினார். 1922இல் டொனால்ட்சன் என்பவர், மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தாலும் அதே தலையிடியும் அசதியும் வருவதைப் பரிசோதித்துக் காட்டினார். பஞ்சில் நஞ்சு ஏது? குடல் விரிவடைவதால் நரம்பு வழியாக வரும் உபாதையே அது.

பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ 1.5 மீற்றர். நாளொன்றுக்குச் சிறுகுடலிலிருந்து வந்து சேரும் 1.5 லீற்றர் வரையான நீரில் பெரும்பகுதியை அது மீளவும் உடம்புக்கு உறிஞ்சிக் கொடுத்துவிடுகிறது. அதன் உட்சுவரின் மேற்படை சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்வது. ஆகவே ஆண்டுக்கணக்கில் மலம் சுவரில் ஒட்டிக் கிடக்கிறது என்பது பொருந்தாது. குடலைத் தினமும் கருவி கொண்டு பார்க்கும் மருத்துவர்கள் அப்படியொன்றைக் காண்பதில்லை. சில தூள்களைக் குடித்தவர்கள் கயிறு போன்ற ஒன்று வெளியேறியதாகக் காட்டி வியப்பதுண்டு. அத்தூளில் உள்ள களிமண்ணும் நார்ப்பொருளும் நீரில் ஊறித் திரண்டு வருவதே அது. காசு கொடுத்து வாங்கியதுதான் திரும்பி வருகிறது!

இன்னொன்று, பெருங்குடலில் வாழும் கோடானுகோடி பக்ரீரியாக்களைப் பற்றியது. இவை அழுக்கல்ல. நாம் சமிக்க முடியாத நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் அமிலங்களை இவை தயாரிக்கின்றன. அடிக்கடி பேதி எடுப்பவர் இக்குடியிருப்பையும் கலைத்துவிடுகிறார்.

அப்படியாயின் முன்னோர் வழக்கம் முழுவதும் வீண்தானா? அப்படிச் சொல்வதும் அநீதியாகும். நிலாவரையின் சத்து இன்று சென்னா மாத்திரையாக எல்லா நாட்டு மருந்துக் கடைகளிலும் விற்கப்படுகிறது. மேலும், அக்காலத்தில் பேதி கொடுத்ததற்கு வயிற்றுப் பூச்சியும் ஒரு காரணம். இன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் சுகாதாரப் பகுதியினரே பூச்சி மாத்திரை கொடுப்பதால் அத்தேவை குறைந்துவிட்டது.

அன்றைய சாப்பாட்டையும் மறந்துவிடக்கூடாது. குரக்கன் பிட்டு, ஒடியற்கூழ், தவிடு நீங்காத அரிசி, முருங்கையிலை, பனங்கிழங்கு என்பவை நார்ப்பொருள் நிறைந்தவை. ஆபிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பேர்கிற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நார்ப்பொருள் மிகுந்த உணவு உண்ணும் கிராமத்தவரிடம் பெருங்குடல் நோய்கள் அரிதாக இருந்ததை 1970களில் உலகுக்கு எடுத்துரைத்தார். நாளொன்றுக்கு 25 கிராம் நார்ப்பொருளாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. காலையில் பாண், இரவில் கோதுமை மாப் பிட்டு என்று இருப்பவருக்கு இது எட்டாது. தினமும் வெளியேறாவிட்டால் நோய் என்று பலர் கவலைப்படுகின்றனர். நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும், அவரவர்க்கு வழமையானதாயின், இயல்பானதே.

பேதி மருந்து உயிராபத்தாக முடியும் சந்தர்ப்பங்களும் உள. காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு, அதுவும் தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலிக்கு, ஒருபோதும் பேதி கொடுக்கலாகாது. அது குடல்வளரி அழற்சியாக இருந்தால், மருந்தின் வேகத்தில் குடல்வளரி வெடித்து வயிறு முழுவதும் சீழ் பரவலாம். சத்தியும் வலியும் சேர்ந்து, வயிறு ஊதி, காற்றும் பிரியாதிருந்தால் குடலடைப்பாக இருக்கலாம். அப்போது கைமருந்துக்கு நேரமில்லை. வைத்தியசாலைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

நீரிழிவு மாத்திரை எடுப்போர் சாப்பிடாமல் பேதி குடித்தால் சீனி திடீரென இறங்கி மயங்கி விழலாம். உயர் குருதியமுக்கத்துக்குச் சலம் போகும் மாத்திரை எடுப்போருக்கு உடம்பின் உப்புச் சத்துகள் குறைந்து இருதயத் துடிப்பே குழம்பலாம். சிறுநீரக நோயாளருக்கு உப்புவகைப் பேதி மருந்துகள் ஆகா. கந்தசஷ்டி விரதத்தில் மிளகும் நீருமாக இருக்கும் வயோதிபர், விரதம் முடிந்ததும் மலம் இறுகிவிட்டதென்று கடும் பேதி எடுப்பதும் இவ்வகை ஆபத்தே. சித்த வைத்திய முறையில் பேதி எடுக்க விரும்புவோர், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற வைத்தியரிடம், தாம் எடுக்கும் இங்கிலிஷ் மருந்துகளையும் காட்டியே எடுத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது மறைத்து வைக்கும் நோயாகும். மலத்துடன் இரத்தம் போனால் அது மூலம்தான் என்று தாமே தீர்மானித்து, வெட்கத்தினால் பிள்ளைகளுக்கும் சொல்லாமல், மாதக்கணக்கில் கடுக்காய்த் தூளுடன் காலம் கடத்தும் முதியோர் இருக்கிறார்கள். மூலமாகவும் இருக்கலாம், பெருங்குடற் புற்றுநோயாகவும் இருக்கலாம். பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. ஐம்பது வயதுக்குப் பின் மலங்கழிக்கும் வழக்கம் மாறினாலும், காரணமின்றி மெலிந்தாலும், இரத்தச்சோகை என்று கண்டாலும் வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாற்றக்கூடிய நோய் இது. அதனினும் முன்னதாக, புற்றாக மாறக்கூடிய சிறு முளைகளைப் பரிசோதனையின் போதே அகற்றிவிடவும் முடிகிறது.

குடற் சுத்தி இன்று உண்மையாகவே தேவைப்படுவது இந்தப் பரிசோதனைக்குத்தான். நுனியில் கமெரா பொருத்திய வளையும் குழாயை உட்செலுத்திப் பார்ப்பதற்குக் குடல் வெறுமையாக இருக்க வேண்டும். முதல்நாள் கட்டியான ஆகாரம் இல்லை. தெளிந்த நீராகாரம் மட்டும். பின்னர் லீற்றர் கணக்கில் பேதி நீர், மிடறு மிடறாக. எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று வைத்தியர் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார். வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும். குடிப்பதற்குச் சற்றுக் கஷ்டம்தான். இப்போதும் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டே குடிக்கிறார்கள்.