செக்கிங் தெரிந்த சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, தெருவில் உள்ள பெண்களைக் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே நிவாரணத்துக்கு ஏதாவது தைத்து வைக்க வேண்டும் என்று முடிவும் எடுத்திருக்கிறீர்கள். படிக்கவே நிறைவாக இருந்தது. பழைய துணியை வீடு வீடாகச் சேகரிக்கலாமா, புதிதாகத் தைப்பதா என்று கேட்டுவிட்டு, "எங்களிடம் பணம் கிடையாது, கைதான் இருக்கிறது" என்று முடித்திருந்தீர்கள்.

அந்தக் கைக்குத்தான் நிவாரணத்தில் பஞ்சம். உபசாரத்துக்காக இதைச் சொல்லவில்லை. வெள்ளம், புயல் என்றால் நம் ஊர் மக்கள் அள்ளிக் கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே கல்யாண மண்டபம் நிறைய மூட்டைகள் வந்து சேர்ந்துவிடும். அந்த மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு துணியாக வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஆகும் ஆகாது என்று சொல்ல ஆள் இருக்காது. உங்கள் கம்பெனியில் அதற்குச் செக்கிங் என்று பெயர், தனி மேஜை, தனிச் சம்பளம். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பீஸ்கூட வெளிநாட்டுக்குப் போவதில்லை. கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகும் துணிக்கு மட்டும் அது எதற்கு என்று விட்டுவிடுகிறோம்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி போய் இறங்கியது. உடுத்திய துணியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத மக்கள், அந்தத் துணியில் பெரும்பகுதியைத் தொடவில்லை. சாலையோரம் மலைபோலக் குவிந்து, மழையிலும் வெயிலிலும் கிடந்து, கடைசியில் துப்புரவுப் பணியாளர்கள் அள்ள வேண்டியதாயிற்று. பிணங்களையும் இடிபாடுகளையும் அகற்றிக்கொண்டிருந்தவர்களின் தலையில் அந்த வேலையும் விழுந்தது. நேற்றுவரை கடலில் உழைத்துத் தன் காசில் உடுத்திய மீனவக் குடும்பத்திடம், துவைக்காத சட்டையையும் கிழிந்த சேலையையும் நீட்டினால் யார் வாங்குவார்கள்? வாங்காததை ஆணவம் என்று பேசியவர்களும் உண்டு. அந்தப் பேச்சு இன்றும் எனக்குக் கசக்கிறது. அப்படி ஒதுக்கப்பட்ட துணிகளைச் சேகரித்து, தரம் பிரித்து, ஆகும் பொருளாக மாற்றும் வேலையைத் தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு எடுத்துச் செய்தது. அதை 1999-இல் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது.

ஆகவே பழைய துணியைத் தாராளமாகச் சேகரியுங்கள். ஆனால் அது உங்கள் தெருவைத் தாண்டுவதற்கு முன் செக்கிங் முடிந்திருக்க வேண்டும். உள்பாவாடையையே எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்து மடித்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாடா இருக்காது. கொடுத்தவர் வீட்டில் அது உருவப்பட்டு வேறு பாவாடைக்குப் போயிருக்கும். நிவாரண முகாமில் இருக்கும் பெண் நாடாவுக்கு எங்கே போவாள்? கடை திறந்திருக்காது, கையில் காசும் இருக்காது. ஒரு ஊக்கும் கொஞ்சம் நாடாவும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அது செய்யப்படாததால் அந்தப் பாவாடை வெறும் துணியாகக் கிடக்கும். ஹூக் போன ரவிக்கை, ஜிப் போன பேன்ட், பொத்தான் இல்லாத பள்ளிச் சட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சேலை சேகரிப்பதில் இன்னொரு சிக்கல். கொடுப்பவர்கள் சேலையைக் கொடுப்பார்கள், ரவிக்கையைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்தது இன்னொருவருக்குச் சேராது. புதிதாகத் தைப்பதென்றால் நைட்டி தையுங்கள். முகாமில் பெண்கள் கேட்டு வாங்குவது அதைத்தான். தைக்கும்போது உள்பக்கமாக ஒரு பாக்கெட் வைத்து, வாயில் பொத்தான் போடுங்கள். பள்ளிக்கூட வகுப்பறையில் நாற்பது பேரோடு படுத்துத் தூங்கும் பெண்ணுக்குப் பீரோ கிடையாது. ரேஷன் கார்டு, ஆதார், கொஞ்சம் பணம், தாலிக்கொடி எல்லாம் உடம்போடுதான் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் நைட்டியில் அப்படி ஒரு பாக்கெட் இருக்காது. உங்கள் கையால் முடியும்.

பேரிடர் உதவிக்கு உலக அளவில் ஸ்பியர் என்ற கையேடு ஒன்று உண்டு. ஒருவருக்குக் குறைந்தது இரண்டு முழு செட் உடை வேண்டும், அதுவும் அவரவர் அளவில், அந்த ஊர் வழக்கத்துக்கும் பருவத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அது. இரண்டு ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைத் துவைத்துப் போட்டால் மாற்ற மற்றொன்று வேண்டும். மாதவிலக்குக்கு உரியவற்றையும் அது பட்டியலிடுகிறது. பருத்தித் துணியென்றால் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு நான்கு சதுர மீட்டர் என்று கணக்கே கொடுத்திருக்கிறது.

கிழிந்த பருத்திச் சேலைக்கும் பழைய வேட்டிக்கும் இங்கேதான் வேலை வருகிறது. வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, வெட்டி, அடுக்கி, ஓரம் அடித்துத் துணி நாப்கின் தைக்கலாம். பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை இழுக்காது, அதைச் சேர்க்காதீர்கள். ஆனால் தைப்பதற்கு முன் போகவிருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத முகாமில் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினைக் கொடுத்தால் அது அந்தப் பெண்ணுக்கு இன்னொரு சுமை, அங்கே கடை நாப்கின்தான் சரி. தண்ணீர் இருக்கும் இடமானால், துணி நாப்கினோடு உள்ளாடை, சோப்பு, கொடி கட்ட ஒரு கயிறு, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள அடர்நிறத்தில் ஒரு சுருக்குப்பை ஆகியவற்றையும் சேர்த்தே கொடுங்கள். ஆண்களும் நடமாடும் இடத்தில் இந்தத் துணியை விரித்துக் காயப்போடப் பெண்கள் கூசுவார்கள். சேலைக்கு அடியில் மறைத்துப் போட்டு, காயாமலே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதனால் மேலே போட்டு மூட ஒரு மெல்லிய பருத்தித் துண்டையும் பையில் வையுங்கள். அடியில் இருக்கும் துணி காயவும் செய்யும், கண்ணுக்கும் தெரியாது.

மூட்டை கட்டுவதில் ஒரே விதிதான்: ஒரு மூட்டையில் ஒரு வகை. வெளியே பெரிய எழுத்தில் "நைட்டி, எக்ஸ்எல், 40" என்று அழியாத மையால் எழுதுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட இடத்தில் டார்ச் வெளிச்சத்தில் மூட்டையைப் பிரிப்பவர்களுக்கு, உள்ளே என்ன என்று வெளியே தெரிந்தால்தான் வேலை நடக்கும். கஜாவில் ஓடும் கூரையும் போன வீடுகளுக்கு உடனே தேவைப்பட்டது தார்ப்பாயும் போர்வையும். புறப்படுவதற்கு முன் அங்கே இருக்கும் ஒரு சத்துணவு அமைப்பாளரையோ மகளிர் குழுத் தலைவியையோ தொலைபேசியில் பிடித்து, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேளுங்கள். வேண்டாம் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

இலவசமாகத் தைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும், இங்கிலாந்தில் ராணி மேரி பெண்களையெல்லாம் துணி தைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். வசதியான வீட்டுப் பெண்கள் ஊர்தோறும் ஊசியைக் கையில் எடுத்தார்கள். அதே நேரத்தில் கூலிக்குத் தைக்கும் பெண்கள் ஏராளமானோர் வேலையில்லாமல் நின்றார்கள். போர் வந்ததும் புதுத்துணி தைக்கக் கொடுப்பதை மக்கள் நிறுத்தியிருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர் இதை எடுத்துப் பேசினார். இலவசத் தையல் கூலிக்காரப் பெண்களின் பிழைப்பைப் பறிக்கும் என்றார். ராணி அதைக் காதில் வாங்கிக்கொண்டார். வேலையிழந்த பெண்களுக்குக் கூலியோடு வேலை கொடுக்க ஒரு நிதி திரட்டப்பட்டது. அதற்கான குழுவில் மெக்கார்தரே செயலாளராக இருந்து வேலை செய்தார்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். வெள்ளம் வடிந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டுமென்றால், நீங்கள் தைத்து அனுப்புவதைவிடத் துணியையும் தையல் கூலியையும் அங்கே அனுப்புவது நல்லது. அந்த ஊர்த் தையல்காரப் பெண்ணுக்கு அந்த மாதம் வருமானம் கிடைக்கும். முதல் இரண்டு வாரத்து அவசரத்துக்கு உங்கள் நைட்டியும் நாப்கினும். அதற்குப் பிறகு அவர்கள் ஊரில் அவர்களே தைக்கட்டும்.

அதற்கு அவர்கள் மெஷின் ஓட வேண்டுமே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி, ஏரல் கடைவீதி முழுவதும் தண்ணீரில் நின்றது. இப்படி முங்கிய மெஷினில் பாபின் கேஸ் வரைக்கும் சேறு ஏறிவிடும், சில நாளில் துரு பிடித்து இறுகிவிடும். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள். உடனே பிரித்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காயவைத்து, மண்ணெண்ணெயால் துடைத்து, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடவைத்துவிடலாம். மோட்டார் இருந்தால் முழுக்கக் காயாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. இது உங்களுக்குத் தெரியாவிட்டாலும், உங்கள் கம்பெனி மெக்கானிக்குக் கை வந்த வேலை. தையல் மெஷின் மெக்கானிக்குகள் திருப்பூரில் கிடைப்பதுபோல் வேறெங்கே கிடைப்பார்கள்?

அவரிடம் இப்போதே பேசி வையுங்கள். வெள்ளம் வடிந்த ஊருக்கு வருவார் என்றால் 14, 16 நம்பர் ஊசி, பாபின், பாபின் கேஸ், பெல்ட், ஒரு கேன் மெஷின் ஆயில் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியை மழைக்கு முன்பே தயார் செய்யுங்கள். கூடவே போகிற இரண்டு பெண்களுக்குப் பஸ் கட்டணமும், அவர்கள் இழக்கும் ஷிப்ட் சம்பளமும் சேர்த்துத்தான் நிதி திரட்ட வேண்டும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி