சனி ஞாயிறில் எல்லை தாண்ட: ஜேபியா, மலாக்காவா, பாத்தாமா?

சிங்கப்பூரில் படிக்கும் மாணவர்களுக்கு இரண்டு வெளிநாடுகள் மிக அருகில் இருக்கின்றன. வடக்கே ஜோகூர் நீரிணையைத் தாண்டினால் மலேசியா. தெற்கே ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. தேர்வு முடிந்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு சூடுபிடிக்கும். ஒருவருக்குக் கடைத்தொகுதி, ஒருவருக்குச் சாப்பாடு, இன்னொருவருக்குக் கடற்கரை. கடைசியில் வாக்கெடுப்பு நடத்தி இடத்தை முடிவு செய்வார்கள். அந்த வாக்கெடுப்புக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. குழுவில் யாரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது? இரண்டு நாளில் எத்தனை மணி நேரம் எல்லையில் கழியும்?

கடவுச்சீட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு வகுப்பில் சிங்கப்பூரர், மலேசியர், இந்தியர், சீனர், வியட்நாமியர் எனப் பலரும் இருப்பார்கள். எட்டுப் பேர் போனால் எட்டாவது ஆளின் ஆவணங்கள் சரியாகும்வரை மற்ற ஏழு பேரும் குடிநுழைவுக் கூடத்தில் காத்திருக்க வேண்டியதுதான். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியா செல்ல விசாவும் வேண்டாம், மின்னியல் வருகை அட்டையும் வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா விலக்கு உண்டு. இப்போதைய அறிவிப்பின்படி அது 2026 இறுதிவரை நீடிக்கும். ஆனால் அவர்கள் வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையப்பக்கம் எதுவானாலும் அது அரசுப் பக்கம் அல்ல.

பாத்தாமில் கணக்கு மாறுகிறது. ஆசியான் நாட்டவர் விசா இல்லாமல் இறங்கலாம். இந்திய மாணவர் வழக்கமான 30 நாள் வருகை விசாவுக்கு 500,000 ரூபியா, அதாவது ஏறக்குறைய 40 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். உதவித்தொகையில் வாழும் மாணவருக்கு அது சிறிய தொகை அல்ல. அந்தச் செலவைக் குழு முழுதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். முடியாவிட்டால் மலேசியாவுக்கே போக வேண்டும். விசாக் கட்டணம் கட்டுபவர் வாய்திறந்து சொல்லத் தயங்குவார். அதனால் பணம் வசூலிப்பவர்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கே போனாலும் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த மாணவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாணவர் அனுமதி கைக்கு வராமல், கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் மட்டும் இருக்கும் நிலையில் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வருவதில் சிக்கல் வரும்.

இனி இடங்களுக்கு வருவோம். ஜோகூர் பாருவை எல்லோரும் ஜேபி என்றுதான் சொல்கிறார்கள். உட்லண்ட்ஸிலிருந்து அங்கே செல்லும் பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைக் கடக்கச் சில நேரம் பத்து நிமிடம் போதும், சில நேரம் மூன்று மணி நேரமும் ஆகும். விடுமுறைக் காலங்களில் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் கடந்திருக்கிறார்கள். இதில் பழைய அனுபவத்தை நம்பக் கூடாது. ஜோகூரில் 2014 முதல் வெள்ளி, சனிதான் வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இரு கரையிலும் ஒரே நாளில் விடுமுறை என்பதால், ஞாயிறன்று ஜோகூர்க்காரர்கள் வேலையில் இருப்பார்கள் என்ற அண்ணன்மார் காலத்துக் கணக்கு இப்போது செல்லாது.

பாலத்து நெரிசலைத் தவிர்க்க நல்ல வழி ரயில். உட்லண்ட்ஸுக்கும் ஜேபி சென்ட்ரலுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ஐந்தே நிமிடத்தில் போய்விடும். போகும்போது 5 வெள்ளி, வரும்போது 5 ரிங்கிட். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் என்பதால் திரும்பும் பயணம் இன்னும் மலிவு. வார இறுதிச் சீட்டுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். நாள் முடிவானதுமே திரும்பும் சீட்டை முதலில் வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 170, 950 எண் பேருந்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பையோடு இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடிந்ததும் அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

ஜேபி ஒரு நாளுக்கு ஏற்ற ஊர். ஜேபி சென்ட்ரலில் இறங்கி நடந்தே போனால் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய கோயிலின் சுவரும் தூணும் கூரையும் இன்று கண்ணாடித் துண்டுகளால் மின்னுகின்றன. உங்கு புவான் சாலையில் தமிழ்க் கடைகள், தான் ஹியோக் நீ சாலையில் பழைய கடைவீடுகள், அருகே விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடும் பேக்கரி. இதையெல்லாம் விட்டுவிட்டு நாள் முழுதும் கடைத்தொகுதியில் கழிக்கும் குழுக்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஜேபியில் இரவு தங்க அவசியமில்லை.

ஓர் இரவு தங்குவதென்றால் மலாக்காதான். இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

சிங்கப்பூரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர், பேருந்தில் நான்கு மணி நேரம், எல்லையில் நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். நேரடி விரைவுப் பேருந்து வசதியானது, ஆனால் சோதனைச்சாவடியில் அது அளவோடுதான் காத்திருக்கும். குழுவில் ஒருவர் கைரேகைப் பிரச்சினையில் மாட்டினால் பேருந்து கிளம்பிவிடக்கூடும். அதனால் பலவகைக் கடவுச்சீட்டுகள் கொண்ட குழுவுக்கு இன்னொரு வழி நல்லது. முதலில் ஜேபிக்குள் நுழைந்து, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு லார்கின் முனையத்தில் மலாக்காப் பேருந்து ஏறலாம். சீட்டு ரிங்கிட்டில் என்பதால் காசும் மிச்சம், யாரும் பின்தங்குவதும் இல்லை.

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டன. 1511இல் போர்த்துகீசியர் வந்து எழுப்பிய கோட்டையில் ஒரு வாயில் மட்டும் நிற்கிறது. 1641இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடங்களும் 1753இல் முடிந்த தேவாலயமும் ஒரே சதுக்கத்தில். கோட்டையை இடிக்கும் வேலையை முன்னின்று நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஃபார்குவார் பின்னர் 1819இல் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் ஆனவர். சிங்கப்பூர்ப் பாடப்புத்தகத்தில் பார்த்த பெயரின் முன்கதை இங்கே கிடைக்கிறது.

பொற்கொல்லர் வீதியான துக்காங் எமாஸ் சாலையையும் அதன் தொடர்ச்சியையும் நடந்து பார்க்க அரை மணி நேரம் போதும். 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில், 1748இல் நிறுவிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 17ஆம் நூற்றாண்டுச் செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. விநாயகர் கோயில் மலாக்காச் செட்டிகளுடையது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூரில் மணமுடித்துத் தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், வழிபாடு சைவம். காஜா பெராங் பகுதியில் அவர்களுடைய கம்போங்கும் சிறு அருங்காட்சியகமும் உண்டு. சிங்கப்பூரில் படிக்க வந்த தமிழ்நாட்டு மாணவர் இந்த ஊருக்குப் போகாமல் பட்டம் வாங்கித் திரும்பினால் அது இழப்புதான்.

ஜோங்கர் வீதி இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறுவரை. சனி மாலை அங்கே, ஞாயிறு காலை கோயில் வீதி எனத் திட்டமிடலாம். தங்குமிடத்தில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. நான்கு பேர் ஓர் அறையில் தங்கினால் அது பெரிதாகத் தெரியாது. வழக்கமான கிராப் காரிலும் நான்கு பேர்தான் ஏற முடியும் என்பதால், குழு நான்கின் மடங்காக இருப்பது நல்லது.

பாத்தாம் ஓய்வுக்கான இடம். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து படகு கிளம்புவதால் பாலத்து நெரிசல் இல்லை. கடலோரச் சாப்பாடு, நீச்சல்குளம், மசாஜ் என்று இருப்பவர்களுக்கு அது போதும். ஊர் பார்க்க விரும்பினால் வேன் அமர்த்தி, ஆறு பாலங்களால் தீவுகளை இணைக்கும் பாரெலாங் சாலை வழியே காலாங் தீவுக்குப் போகலாம். 1979 முதல் 1996வரை வியட்நாமிய அகதிகள் தங்கியிருந்த முகாம் அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். பாத்தாம் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் சீட்டில் இருப்பது பாத்தாம் நேரம். கைக்கடிகாரம் மாற்றாதவரும் கைப்பேசி தானாக மாறியவரும் ஒரே குழுவில் இருந்தால் குழப்பம் உறுதி.

கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். பேருந்தில் போக வர ஒரு நாளின் பாதி கரையும். பத்துமலையின் 272 படிகளை ஏறிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் திங்கட்கிழமையும் விடுமுறையாக வரும் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

திரும்புவதில் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. தரைவழியே திரும்பும் மாணவர் அனுமதிக்காரர்களுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டை தேவையில்லை. பாத்தாமிலிருந்து படகில் வந்தால் நிரப்ப வேண்டும். வாங்கி வரும் பொருள்களில், 48 மணி நேரத்துக்குள் திரும்பும் சிங்கப்பூரருக்கு 100 வெள்ளிவரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. மாணவர் அனுமதியில் இருப்பவருக்கு அந்த விலக்கு இல்லை, முதல் வெள்ளியிலிருந்தே 9 விழுக்காடு வரி. மின்சிகரெட் யார் கொண்டுவந்தாலும் குற்றம். மலாக்காவிலிருந்து ஞாயிறு நண்பகலுக்குள் பேருந்து ஏறிவிட்டால் மாலை நெரிசலுக்கு முன்பே பாலத்தைத் தாண்டிவிடலாம்; மறுநாள் காலை எட்டு மணி வகுப்பு இருப்பவர்கள் அதற்குப் பிந்திய சீட்டை வாங்கவே வேண்டாம்.